உப்புக் கரித்த அகழி

ரோமாபுரிக் கப்பல்கள் இன்னும் எட்டிப்பார்க்காத கெல்ட் இனத்தாரின் கடற்கரை அது. கடலுக்குள் நீண்டிருந்த பாறைமுனையில் செனாராவின் ஊரார் குடியிருந்தார்கள். மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண். அந்த வழியாக உள்நாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் மண்ணின் குறுக்கே வருடாவருடம் அகழியை ஆழப்படுத்தினார்கள். இந்த வருடம் அகழிக்குள் வெட்டிக்கொண்டிருந்த செனாராவின் காலடியில் தண்ணீர் ஊறியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, உப்புக் கரிக்குது."

ஊர்த்தலைவரான அவள் மாமனார் கெரெந்த், அகழியின் விளிம்பில் நின்று எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதானே. எவனும் தாண்ட முடியாது. வெட்டு."

"கடல் உள்ள வருது மாமா."

"அவனுங்க வர்றதுக்குப் பதிலா கடல் வரட்டும்."

அப்போது எதிர்ப்பக்கம் உள்நாட்டுக்காரன் ஒருவன் ஓடிவந்து கைகளை ஆட்டிக் கத்தினான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் ஈட்டி இல்லை, தோளில் ஒரு சுருள் கயிறு இருந்தது.

"பாத்தியா, நம்மளக் கட்டி இழுத்துட்டுப் போக வந்திருக்கான்" என்றார் கெரெந்த்.

எல்லோரும் இன்னும் வேகமாக வெட்டினார்கள். யாரும் கைவைக்காத இடத்தில் மண் சரிந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. எதிர்ப்பக்கத்தான் வீசிய கயிற்றின் நுனி பறந்துவந்து செனாராவின் பக்கத்தில் விழுந்தது.

"தொடாதே!" என்று கத்தினார் கெரெந்த்.

நிமிர்ந்தவள், அவர் நின்றிருந்த விளிம்பில் விரிசல் ஓடுவதைக் கண்டாள். கயிற்றை எடுத்து அவரை நோக்கி வீசினாள்.

"பிடிங்க மாமா!"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.