காசில்டா பார்த்து எடுத்த கிரானைட்

“வேலைக்காரியைக் கூட்டிட்டு வந்து கல் பார்க்கிற கூத்தை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றாள் சுனில்டா. கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

ஒலிம்பியா சிரித்தாள். “அடுப்படியில நிக்கப்போறது யாரு? நீயா, நானா? அவதானே!”

சாந்தோ டொமிங்கோவில் பெரிய கிரானைட் கடை அது. ஒலிம்பியா தன் பழைய சமையலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறாள். மேஸ்திரி வில்ஃப்ரிதோ அளவு நாடாவோடு நின்றார். சமையல்காரி காசில்டா ஒவ்வொரு கல்லாக உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டுக்குச் சமைப்பவள்.

சுனில்டா ஒலிம்பியாவின் நாத்தனார். அதே வீட்டு மாடியில் தனியாக இருப்பவள்.

“அண்ணி, இந்த வெள்ளை மார்பிளே போதும். பார்க்க எவ்வளவு அழகா இருக்கு!”

“வேண்டாம்மா” என்றாள் காசில்டா, மெதுவாக. “எலுமிச்சம்பழம் புழிஞ்சா அரிச்சிடும். பீன்ஸ் குழம்பு ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது.”

“வந்துட்டாங்க இன்ஜினியர் அம்மா!”

“நீ சும்மா இரு சுனில்டா. காசில்டா, நீ சொல்லு. எதைப் போடலாம்?”

காசில்டா கறுப்புப் புள்ளி போட்ட சாம்பல் கிரானைட்டைக் காட்டினாள். “இதுல கொதிக்கிற சட்டியை அப்படியே இறக்கலாம்மா.”

“மேஸ்திரி, அதையே எடுங்க.”

அலமாரிக்கு அழுத்தின பலகை வேண்டாம், தண்ணி பட்டா உப்பிடும் என்றாள் காசில்டா. தேவதாரு மரம் வந்தது. தொட்டி ஒன்று போதும், ஆனால் சான்கோச்சோ கறிக்குழம்பு வைக்கிற பெரிய பானை உள்ளே இறங்கணும் என்றாள். அதுவும் வந்தது.

“இவ எனக்கு வேலைக்காரி இல்லை மேஸ்திரி, கூடப் பிறக்காத தங்கச்சி” என்று ஒலிம்பியா காசில்டாவின் தோளில் கை போட்டாள். காசில்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைபேசியை எடுத்து அந்தக் கல்லைப் படம் பிடித்துக்கொண்டாள்.

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வீட்டம்மாவை வில்ஃப்ரிதோ பார்த்ததில்லை. இப்படி ஒரு நாத்தனாரையும்தான்.

வேலை ஐந்து வாரம் இழுத்தது. அதுவரை சமைக்கக் கொல்லையில், துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நாலு தகரத்தை மேலே போட்டு ஓர் அடுப்பு வைத்துக் கொடுத்திருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தகரத்துக்கு அடியில் நிற்க முடியாது. காசில்டா நின்றாள்.

“என்னம்மா, இப்படி வேர்க்குதே!” என்றார் வில்ஃப்ரிதோ.

“இன்னும் பத்து நாள்தானே மேஸ்திரி. அப்புறம் என்ன, ஃபேனுக்குக் கீழ ராணி மாதிரி நிக்கப்போறேன்.”

மாடி ஜன்னலிலிருந்து சுனில்டாவின் குரல் வந்தது. “ஏய் ராணி! வாழைக்காயைக் கருக்காம வறு. புகை மேல வருது!”

ஒருவழியாகக் கடைசி நாள் வந்தது. வில்ஃப்ரிதோ கிரானைட் மேடையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு நிமிர்ந்தார். காசில்டா குளித்து, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, காபி போடும் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள்.

“ஏய், ஏய்! அங்க வைக்காதே!” ஒலிம்பியா ஓடி வந்தாள். “புது மேடைடி. நீ வறுக்கிற எண்ணெயெல்லாம் இந்த அலமாரியில படிஞ்சா என்ன ஆகும்? இது வர்றவங்க பார்க்கிறதுக்கு. உனக்குத்தான் கொல்லையில அடுப்பு இருக்கே, அது அங்கேயே இருக்கட்டும்.”

காசில்டா பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“ஆனா ஒண்ணு, எவ்வளவு அருமையா எடுத்துக் கொடுத்திருக்கே! பாக்கிறவங்க எல்லாம் அசந்து போவாங்க” என்று அவள் கன்னத்தைத் தட்டினாள் ஒலிம்பியா.

“சரிம்மா” என்று சொல்லிவிட்டுக் காசில்டா கொல்லைக்குப் போனாள்.

வில்ஃப்ரிதோ வெளியே வந்தார். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுனில்டா. போச்சு, இவளும் வந்துவிட்டாளா என்று நினைத்தார்.

சுனில்டா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு நேராக வண்டிக்கு வந்தாள்.

“மேஸ்திரி, நாளைக்கு வேலை இருக்கா?”

“ஏங்க?”

“கொல்லையில அந்தத் தகரத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு கான்கிரீட் கூரை போடு. மேற்கு வெயில் அடிக்காம ஒரு சுவர் எழுப்பு. பெரிய ஜன்னல், நல்ல ஃபேன். மேடை அவ உயரத்துக்கு இருக்கணும். செலவு என்னோடது.”

வில்ஃப்ரிதோ அவளையே பார்த்தார்.

“என்ன பார்க்கிறே? எங்க அண்ணி அவளை உள்ள சமைக்க விடமாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதான் கடைக்கு அவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு அந்தக் கத்து கத்தினேன். ஆசை காட்டி மோசம் பண்ணலாமா?”

“அந்த அம்மா கேட்டா என்ன சொல்றதுங்க?”

“வீட்ல பாதி என் பேர்ல இருக்கு. புகை தாங்கலைன்னு நான் சண்டை போட்டதாச் சொல்லு. நம்புவாங்க.”

“காசில்டா கேட்டா?”

சுனில்டா படியேறப் போனவள் நின்றாள். “அண்ணிதான் கட்டச் சொன்னாங்கன்னு சொல்லு. கூடப் பிறக்காத தங்கச்சின்னு சொன்னதை அவ இன்னும் நம்பிக்கிட்டிருக்கா.”