உதைக்கத் தெரியாதவை

லென்சின் அடியில் பெண் வண்டு அசையாமல் நின்றது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மேலே ஏறிய ஆண் வண்டை அது உதறவில்லை. பின்னங்காலைத் தூக்கக்கூட இல்லை.

இது பன்னிரண்டாவது கண்ணாடித் தட்டு. பன்னிரண்டிலும் இதேதான்.

ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம். வேலை ஒன்றுதான். தட்டைப்பயறில் பிறக்கும் வண்டுகளை ஜோடி சேர்ப்பது. ஒரு பெண், ஒரு ஆண், ஒரு பிடி பயறு. தட்டை மூடிவிட வேண்டும்.

வெளியே, கிடங்கு மூட்டைக்குள், அப்படியில்லை. ஒரு பெண்ணைப் பத்து ஆண்கள் துரத்தும். ஆணின் உறுப்பில் முள் உண்டு. சேர்ந்தால் பெண்ணுக்குக் காயம். அதனால் பெண் உதைக்கும். உதைத்துத் தள்ளிவிட்டு ஓடும்.

இங்கே போட்டிக்கு வேறு ஆண் கிடையாது. காயப்பட்ட பெண் குறைவாக முட்டையிட்டால் நஷ்டம் அந்த ஒற்றை ஆணுக்கும்தான். கூரிய முள் கொண்டவற்றின் பிள்ளைகள் குறைந்தன. சாதுவானவற்றின் பிள்ளைகள் பெருகின. மாதத்துக்கு ஒரு தலைமுறை. நூறு தலைமுறை தாண்டியபோது முள் மழுங்கியிருந்தது.

அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய வீடும் சத்தமில்லாத வீடு. மனைவி இறந்த பிறகு மகள் சுகந்தியைத் தனியாக வளர்த்தார். கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. அவள் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போனால் அவரே கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

அன்று ஆய்வை நடத்தும் ஹேமலதா மேடம் ஒரு புதுச் சோதனை சொன்னார். இந்தச் சாதுவான வம்சத்தின் பெண்களை, மூட்டையிலிருந்து எடுத்த ஆண்களோடு விட வேண்டும்.

விட்டார்.

மூன்றாம் நாள் காலை தட்டுகளைத் திறந்தார். பெண்கள் மல்லாந்து கிடந்தன. பக்கத்துத் தட்டுகளில் அதே மாதிரி ஆண்களோடு விட்டிருந்த மூட்டைப் பெண்கள் பயறின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன.

மேடம் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எதிர்பார்த்ததுதாங்கண்ணா. நம்ம வம்சத்துல முள்ளே மழுங்கினதால உதைக்கிறதுக்கும் உதைக்காததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமப் போச்சு. நூறு தலைமுறையில அந்தக் குணமே கழிஞ்சுபோச்சு."

பல வருடம் காத்திருந்த முடிவு. மேடத்தின் முகம் மலர்ந்திருந்தது.

அவர் தலையாட்டினார். இறந்தவற்றைத் தூரிகையால் ஒதுக்கினார்.

கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

சுகந்திக்குக் கல்யாணமாகிப் பதினாலு மாதம். கோபியில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். நல்லாருக்கேனுங்கப்பா. அவரு நல்லாருக்காரு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அவள் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. அவர் திரும்புவதற்குள், "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அவர் வீட்டில். அவரிடம்.

அதை அன்று அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மகள் வண்டு அல்ல. ஒரு தலைமுறையில் எதுவும் கழிந்துபோவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவர் அவர்தான்.

குழாயை மூடினார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

மகள் வீட்டின் முன்னறைதான் மாப்பிள்ளை ரகுநாதனின் ஜெராக்ஸ் கடை. அவரைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே."

சிரித்த முகம். நாற்காலியை இழுத்துப் போட்டான். உள்ளே திரும்பி, "தண்ணி" என்றான். சத்தமாகக்கூட இல்லை.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி சட்டென்று நின்றது.

சுகந்தி சொம்போடு வந்தாள். அப்பாவைப் பார்ப்பதற்கு முன் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டயே கண்ணு."

"வெயில் மாமா" என்றான் ரகுநாதன்.

அவள் சொம்பை நீட்டினாள்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"சுகந்தியக் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ள."

"அடுத்த மாசம் நானே கொண்டாந்து விடறனுங்க மாமா. இப்ப எதுக்கு?"

"இப்பக் கூட்டிட்டுப் போறேன்."

தெருவில் போன ஒரு ஆள் நின்று திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, உயர்ந்து ஒலித்தது தன் குரல் என்று.  எழுந்து, மகளுக்கும் ரகுநாதனுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

ரகுநாதனின் சிரிப்பு போயிருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தவன் தெருவைப் பார்த்தான். அங்கேயே நின்றான்.

அவர் அவனுக்கு முதுகைக் காட்டி மகளிடம் திரும்பினார்.

"வர்றயா கண்ணு?"

எங்கே, எத்தனை நாளைக்கு, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போனாள்.

துணியெல்லாம் எடுத்துவைக்க நேரமாகும். அதுவரை இப்படியே நிற்க வேண்டும் என்று அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உடனே வந்துவிட்டாள்.

கையில் பெரிய பை. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தது. நிறைந்திருந்தது. ஜிப் கடைசி வரை போட்டிருந்தது.

அவர் வாங்கித் தோளில் மாட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பல மாதத் தூசி அப்பிக்கொண்டது.