பதினாலா, பதினஞ்சா?

டயர்க்கடைக்காரர் காரின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

“கம்பெனி சைஸ் பதினாலு இஞ்ச், சார். இதுல பதினஞ்சு மாட்டியிருக்கு. யார் செஞ்ச வேலை?”

“எனக்கென்ன தெரியும்ணே? நேத்துதான் வாங்கினேன்,” என்றார் ஓவிய வாத்தியார். “வித்த அம்மாவோட வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாச்சாம். அன்னையிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு வெளியவே வரலையாம். ஷெட் சாவி தொலைஞ்சுபோச்சுன்னாங்க. துருப்பிடிச்ச பூட்டை நான்தான் உடைச்சு, அவங்க குடுத்த மாத்துச் சாவியைப் போட்டு வண்டியை எடுத்தேன். பழைய டயராச்சே, நாலையும் மாத்திடலாம்னு வந்தேன்.”

கடைக்காரர் டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்தார். தயாரித்த வாரமும் வருடமும் நான்கு எண்களாகத் தெரிந்தன.

“இது போன வருஷம் செஞ்ச டயர் சார். அதுக்குள்ள பாதி தேய்ஞ்சிருக்கு. அந்தம்மா உங்க காதுல நல்லா பூ சுத்தியிருக்காங்க.”

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.



“பதினஞ்சா தம்பி?” என்றார் மறுமுனையில் அந்த அம்மா. “கடைசிவரைக்கும் அதைத்தான் கேட்டாரு. பதினாலே போதும்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன்.”

“அது இருக்கட்டும்மா. ஷெட் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னது பொய்ப்பா. ஆசையா வச்சிருந்த வண்டியாச்சேன்னு, சாவிக்கொத்தை அவர் சட்டைப் பையில வச்சுத்தான் புதைச்சோம்.”

கடைக்காரர் கையிலிருந்த ஜாக்கியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“என்ன சைஸ் சார் போடட்டும்?”

வாத்தியார் டிரைவர் சீட் பக்கம் திரும்பவே இல்லை.

“பதினஞ்சே இருக்கட்டும்ணே.”