என்ன குடி
மாலை ஐந்து பத்து. ஆரையம்பதி வாவிக்கரையில் லாபீர் நானா றபான் என்ற கைப்பறையின் தோலை வெயிலுக்குக் காட்டுகிறார். ஒஸ்லோவில் பிறந்த யசோதினி வயலினுக்குச் சுருதி சேர்க்கிறாள். நாளை இருவரும் மேடையில் வாசிக்கப்போகும் இசைக்கு ‘வீடு’ என்று பெயர் வைத்தவள் அவள்தான். அந்தச் சொல் அவளோடு இன்னும் ஒட்டவில்லை.

“தங்கச்சி என்ன குடி?”

“தேத்தண்ணி போதும், நானா.”

மடியில் றபான் குலுங்க அவர் சிரிக்கிறார். “குடிக்கிறதயா கேட்டன்? தாய்வழிக் குடி, புள்ள. ஒங்கட தமிழாக்களுக்கும் இரிக்கு, எங்கட முஸ்லிமாக்களுக்கும் இரிக்கு. உம்மாட குடிதான் புள்ளைக்கும்.”

ஊரைப் பற்றி அம்மா வாய் திறந்ததே இல்லை. யசோதினி வில்லை மடியில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறாள். வாவியில் வெயில் செம்பாய்க் கிடக்கிறது. மணி மூன்றாம் முறை அடிக்கும்போது அம்மாவின் குரல் கேட்கிறது.

“அம்மா, நாம என்ன குடி?”