மாடிப்படிக்கு அடியில்

"இது யாருக்கும்மா?" என்று பேராசிரியர் வரைபடத்தின் மேல் விரலை வைத்தார்.

விரல் இருந்த இடம் மாடிப்படிக்கு அடியில். அங்கே ஒரு சின்ன அறை. நால்வர் குடும்பத்துக்கு ஒரு வீடு, இதுதான் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கல்லூரி கொடுத்திருந்த கடைசித் திட்டம்.

ஸ்டோர் ரூம் என்றாள் மாணவி, கொஞ்சமும் யோசிக்காமல். இடத்தை வீணாக்காதவள் என்று வகுப்பில் அவளுக்குப் பெயர். மற்றவர்கள் கோட்டைவிடும் மூலைமுடுக்கில் எல்லாம் இவள் ஓர் அலமாரியையாவது திணித்துவிடுவாள். 'கஞ்சப் பிசினாறி' என்று தோழிகள் செல்லமாகக் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பேராசிரியர் விடவில்லை. ஸ்டோர் ரூம் கதவு ஏன் இவ்வளவு குட்டை என்றார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், சரி. கதவுக்கு அடியில் எதற்கு இத்தனை இடைவெளி என்றார்.

காற்றோட்டத்துக்கு என்றாள்.

அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டு தாராளமாக உள்ளே போகும்.

அவர் அதோடு நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து, இதுவரை அவள் போட்ட படங்களையெல்லாம் எடுத்து மேசைமேல் விரித்தார். தொடக்கப்பள்ளி. நூலகம். பேருந்து நிலையம்.

எல்லாவற்றிலும் மாடிப்படி. எல்லா மாடிப்படிக்கு அடியிலும் அதே அறை, அதே குட்டைக் கதவு.

பேருந்து நிலையத்துக்கு மாடி வேண்டும் என்று யாரும் கேட்கவேயில்லை.

கம்ப்யூட்டரில் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருப்பேன் என்று சமாளித்தாள். சொல்லும்போதே கண்ணில் பட்டது: முதல் வருடத்துப் பள்ளிக்கூடம் பென்சிலால் கையால் வரைந்தது. தாழ்ப்பாளுக்கு நிழல்கூடப் போட்டிருந்தாள்.

"மதியம் மார்க் போட வெளிக் காலேஜ் ஆளுங்க வந்து பார்க்கப் போறாங்க. அதுக்குள்ள இதை எடுத்துடு. இல்லேன்னா எதுக்குன்னு சொல்லு. ரெண்டும் இல்லாம இந்த ஜெயிலைக் கொண்டுவந்து நீட்டினா, யாரும் பாஸ் போட மாட்டாங்க."

பாஸ் இல்லையென்றால் இன்னொரு வருடம். அதை அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து அறையை அழித்தாள். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை.

அப்புறம்தான் ஆரம்பித்தது தலைவலி. வீடு நிற்க மாட்டேன் என்றது.

சமையலறை கோணலாகத் தெரிந்தது. ஏன் அதை அப்படித் திருப்பினோம் என்று யோசித்தாள். அடுப்படியில் நிற்பவருக்கு அந்தக் கதவு கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. கூடத்தில் ஒரு சுவர் காரணமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நிற்கும் வெளியாருக்கு அந்தக் கதவு தெரியக் கூடாது என்பதற்காக.

இவ்வளவு நாளும் எதை முதலில் வரைந்தோம் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. முதலில் அந்த அறை. வீடு என்பது அதைச் சுற்றி அப்புறம் போட்டது.

பயமாக இருந்தது. இத்தனைக்கும் நினைவு தெரிந்த நாளாக அவர்கள் வீடு லிஃப்ட் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பில்தான். வீட்டுக்குள் மாடிப்படி இருக்கும் வீட்டில் அவள் வாழ்ந்ததேயில்லை.

பயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். சமையலறையைத் தோட்டத்தின் பக்கம் திருப்பினாள். நீண்ட சுவரை வெட்டினாள். படிக்கு அடியில், உட்கார்ந்து செருப்பு மாட்ட ஒரு பெஞ்சு போட்டாள். கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது.

உண்மையைச் சொன்னால், வீடு முன்னைவிட நன்றாகவே இருந்தது.

பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, இதை முதலிலேயே செய்வதற்கென்ன என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்தாலே பாஸ் என்று அர்த்தம். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அச்சு இயந்திரத்திலிருந்து பெரிய தாள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால் அம்மா எப்போதும் எடுத்தவுடன் சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். அதற்கு இடம் கொடுக்காமல் இவள் மடமடவென்று கொட்டினாள். தன்னையறியாமல் ஊரில் இருக்கிற எல்லாக் கட்டடத்திலும் ஒரு ஜெயிலைக் கட்டி வைத்திருந்ததை, குட்டைக் கதவை, தட்டு போகிற இடைவெளியை, வாத்தியார் முழித்த முழியை. கடைசியில் எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டதை.

அம்மா சிரிக்கவில்லை.

போனில் டிவி சத்தம் கேட்டது. அதோடு அப்பாவின் இருமல். பிறகு அம்மா எழுந்து நடப்பதும், ஒரு கதவைச் சாத்துவதும் கேட்டது. டிவி சத்தம் அடங்கியது.

"அம்மா?" என்றாள்.

அம்மாவின் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதேயில்லை.

"ஏன்டி அழிச்சே? உங்கண்ணன் இப்ப எங்க போவான்?"