முசுறுக்குத் தெரியாத ஒன்று

எதோடு எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று ஆலோசனை சொல்லிப் பிழைத்த பிராணிகள் தை மாதத்தில் ஒரு சங்கம் தொடங்கின. அமிலத்துக்கு முசுறு எறும்பு, சுண்ணாம்புக்கு நத்தை, வாசனைக்கு மூஞ்சூறு. மாதாமாதம் வாதாம் மரத்தடியில் கூடி, அவரவர் பெருமையைப் பேசிவிட்டுக் கலைந்தன.

ஆடியில் தவளை அலறிக்கொண்டு வந்தது. "முசுறண்ணே, காத்துல எலுமிச்சையா உதிர்ந்து எங்க குட்டை புளிச்சுப் போச்சு! பிள்ளைங்க சுருண்டு கிடக்குதுங்க!"

"நாளைக்குச் சொல்றேன்" என்றது முசுறு. புளிப்பை உண்டாக்கத்தான் அதற்குத் தெரியும், போக்கத் தெரியாது. வெளியே சொன்னால் மானம் போய்விடுமே என்று நாள் முழுக்க இலைக்கு இலை அலைந்தது. மறுநாள் சங்கத்தைக் கூட்டி, தவளை கேட்டதைச் சொல்லி, "எனக்குத் தெரியல" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. நத்தை ஊர்ந்து பக்கத்தில் வந்தது. "காலி நத்தை ஓட்டைக் கொட்டினா புளிப்பு அடங்கும் அண்ணே. ஆனா என்னால சுமக்க முடியாதே."

"சுமக்க எங்க கூட்டமே இருக்கு!" என்று துள்ளியது முசுறு.

நான்காம் நாள் தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்தின. அதைப் பார்த்த மூஞ்சூறு, "எனக்கும் ஒண்ணு தெரியாது, கேக்கட்டுமா?" என்றது. அன்றிலிருந்து கூட்டங்கள் கலகலப்பாயின.

மறு தையில் மரவட்டை ஒன்று சங்கத்தில் சேர வந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தது.

"நல்லது. உங்களுக்கு எது தெரியாது?" என்று கேட்டது முசுறு.

மரவட்டை வெட்கத்தில் பாதி சுருண்டது. "ஒண்ணு இருக்கு... சிரிக்கக் கூடாது."

அதற்குள் மூன்றும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருந்தன.