தண்ணீரில் போனவர்

செத்தவர்களோடு பேசுவதுதான் அவருடைய தொழில். ஊரில் அவருக்குப் 'பரலோகத் தபால்காரர்' என்று பெயர். செத்துப்போன யாரும் திரும்பி வந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மறுப்பதில்லை. அதனால் இந்தத் தொழிலில் புகார் குறைவு, பிழைப்பு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த ஒரு கூடம். நடுவில் வட்ட மேஜை. மூலையில் திரை போட்ட மர அலமாரி. அலமாரிக்குள் தகரக் குழலோடு உட்கார்ந்திருப்பது அவர் மனைவியின் தம்பி. மாமன்னர் வந்தாலும் மச்சான் குரல்தான், மகாராணி வந்தாலும் மச்சான் குரல்தான். மகாராணிக்கு மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வான். ஊர்ப் பெரிய மனிதர்கள் அதைக் கேட்டு எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கூடத்துக்குள் அன்று காலை இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நேரே போய் அலமாரித் திரையை விலக்கி, உள்ளே இருந்த மச்சானை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏமாத்து வேலைன்னு கேஸ் போட்டா மாமனும் மச்சானும் ஒண்ணா உள்ள போகலாம். போகாம இருக்கவும் ஒரு வழி இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொல்லுங்க சார்."

"துணிக்கடை முதலாளி ஒருத்தர் போன மாசம் ஏரியில படகுலேருந்து விழுந்து செத்தாரே, தெரியுமா?"

தெரியும். ஊரே ஒரு வாரம் அதைத்தான் பேசியது. படகில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் இருந்தார்கள். அந்த ஏரி ஆழமானது. அதில் போனவர்கள் உடலாகக்கூடத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"அவரோட கிடங்கு எரிஞ்ச விஷயமா விசாரிக்கணும்னு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தேன். தீ வெச்சது அந்தம்மாதான்னு எனக்குச் சந்தேகம். புருஷன் வந்து உண்மையைச் சொல்லிடுவாரோன்னு பயந்து, நான் அவர் மூஞ்சியைப் பாக்கறதுக்குள்ள ஆளையே முடிச்சிட்டா. கேட்டா, கால் தவறி விழுந்துட்டாருங்கறா. ஒரு மாசமா எனக்கே தண்ணி காட்டறா."

"நான் என்ன சார் பண்ண முடியும்?"

"சாயங்காலம் அவ இங்க வர்றா. புருஷன் ஆவியோட பேசணுமாம். இன்னிக்கு ஆவி பேசட்டும். 'ஏண்டி என்னைத் தள்ளினே'ன்னு ஒரே ஒரு கேள்வி. இருட்டுல புருஷன் குரல் கேட்டா தன்னால உளறிடுவா. நான் மஃப்டியில, மப்ளரால மூஞ்சியை மூடிக்கிட்டு, மேஜையில ஒரு ஆளா உட்கார்ந்திருப்பேன். உண்மை அவ வாயாலயே வரணும். வந்தா கடையை நடத்துங்க. வரலைன்னா மூட்டையைக் கட்டுங்க."

அவர் போனதும் மச்சான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். "மாமா, அந்த முதலாளி குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே."

"தண்ணியில போனவர்டா. கொஞ்சம் கொழகொழன்னு பேசு, போதும்."

சாயங்காலம் அவள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், பின்னால் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக உயரமான ஒரு மனிதர்.

"எங்க அண்ணன். வெளியூர்லேருந்து வந்திருக்கார்," என்றாள்.

"இதையெல்லாம் நான் நம்பறதில்லை. சொன்னா தங்கச்சி கேட்டாத்தானே," என்று முணுமுணுத்தார் தாடிக்காரர்.

"நீங்க நம்பாட்டிப் போங்கண்ணே. ஊர்ல எல்லாரும் நம்பறாங்க இல்ல."

தபால்காரர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே புருஷனைப் பறிகொடுத்தவளாக இருந்தால் இந்தக் கேள்வியை எப்படித் தாங்குவாள்? ஆனால் பாவம் பார்த்தால் பிழைப்புப் போய்விடும், கூடவே மச்சானும் போய்விடுவான். மச்சான் போவதற்காக வேண்டுமானால் அவர் அவ்வளவு வருத்தப்பட மாட்டார். ஆனாலும் வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே.

எல்லோரும் கைகோத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளுக்கு இடப்பக்கம் இன்ஸ்பெக்டர், வலப்பக்கம் அண்ணன். விளக்கு தணிந்தது. தபால்காரர் கண்ணை மூடி, "வாருங்கள் ஐயா, உங்கள் மனைவி வந்திருக்கிறார்," என்று இழுத்தார்.

அலமாரியில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. மச்சான் சொம்போடு போயிருந்தான்.

"வந்திருக்கேன்... இங்க ஒரே குளிரா இருக்கு..."

பக்கத்து வீட்டுப் பெண்கள் விம்மினார்கள். அவளும் விசும்பினாள். கேட்டால் கல்லும் கரையும். அண்ணனுக்கு மட்டும் இருமல் வந்துவிட்டது.

மேஜைக்கு அடியில் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் தபால்காரரின் காலை மிதித்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். மச்சான் இருக்கிற மூச்சையெல்லாம் குழலில் ஊதினான்.

"ஏண்டி... என்னை ஏண்டி தண்ணியில தள்ளினே?"

விசும்பல் சட்டென்று நின்றது. இன்ஸ்பெக்டர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். வாயைத் திற தாயே, என்று தபால்காரர் மனசுக்குள் கெஞ்சினார்.

அவள் நடுங்கவில்லை, மயங்கி விழவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் இப்படி ஒரு பழியா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு கையையும் உதறிவிட்டு, வலப்பக்கம் இருந்த தாடிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, நானா உங்களைத் தள்ளிவிட்டேன்?"